வாஞ்சூர் எல்லையும் புகலிடமும்

வாஞ்சூரைப் பேருந்தில் கடப்போர்க்கு, அங்கே இரண்டு பேரரசுகளின் சட்டங்கள் முட்டி நின்ற காலம் நினைவுக்கு வருவதில்லை. நெப்போலியப் போர்களுக்குப் பின் 1817இல் காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதற்கு முன்பே, 1815 மார்ச் 7இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, ஆங்கில எல்லைக்குள் வழக்குத் தொடரப்பட்டுப் பிரெஞ்சுப் பகுதியில் புகுந்தவர் எவராயினும், கேட்டவுடன் ஒப்படைக்கப்பட வேண்டும் என விதித்திருந்தது. கொலைஞனுக்கும் கடனாளிக்கும் அதில் வேறுபாடில்லை; அரசியல் குற்றத்துக்கு விலக்குமில்லை. அவ்விலக்கு 1876இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பொது உடன்படிக்கையில்தான் இடம்பெற்றது.

காரைக்காலுக்கு எவ்விதியோ, அதுவே புதுச்சேரிக்கும். 1904இல் பிரான்சும் பிரிட்டனும் நட்பு நாடுகளாயின. 1908இல் பாரதியார் புதுச்சேரி புகுந்தார். ஒற்றர் சூழ்ந்தனர், ஆயினும் அவர் ஒப்படைக்கப்படவில்லை. பழைய விதியின் எழுத்தைக் காட்டிலும் ஐரோப்பாவில் வேரூன்றிய புகலிட மரபே அவரைக் காத்தது என்பது என் துணிபு.

அம்மரபு பிறந்த மண்ணிலேயே அது தவறியதும் உண்டு. 1910 ஜூலை 8இல் மார்செய் துறைமுகத்தில் கப்பலினின்று தப்பிக் கரையேறிய சாவர்க்கரைப் பிரெஞ்சுக் காவலரே பிடித்து ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார். ஹேக் நடுவர் மன்றம் 1911 பிப்ரவரி 24இல் முறைகேட்டை ஒப்புக்கொண்டது. திருப்பித் தரவேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தது!

பாரதியாரோ 1918 நவம்பர் 20இல் தாமாகவே எல்லை கடந்தார். கடலூர் அருகே கைதானார்.