விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம்

பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டிக் கஸ்தூர்பா சாலையில் உள்ள அறிவியல் அருங்காட்சியகம். காட்சிப்பொருள்களைப் பார்வையாளரே தொட்டு, இழுத்து, சுழற்றி இயக்கிப் பார்க்கும் முறையை இந்தியாவில் முதலில் கைக்கொண்டவற்றுள் ஒன்று. கட்டடத்தை 1962இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூறு வயது கடந்து மறைந்த பொறியாளர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. முதல் காட்சிக்கூடம் 1965இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அது மின்சாரம் பற்றியது.

மின்சாரத்திலிருந்து தொடங்கியது மிகப் பொருத்தம். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு 1902இல் அனுப்பியது மைசூர் சமஸ்தானம். இத்திட்டத்துக்கு வழிகோலிய திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். கோடையில் ஆறு வற்றினால் மின் உற்பத்தியும் தளர்ந்துவிடும். சுரங்கத்துக்கோ ஆண்டு முழுதும் சீரான மின்சாரம் வேண்டும். இத்தேவையோடு மண்டியாப் பகுதியின் பாசனத் தேவையும் சேர்ந்து, ஸ்ரீரங்கப்பட்டணம் வட்டத்துக் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையாக உருப்பெற்றது. 1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யா திட்டத்தை வகுக்க, 1911இல் வேலை தொடங்கியது. சுமார் 2.6 கி.மீ. நீளமுள்ள இவ்வணை சிமெண்டால் எழுந்ததன்று. சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் கலந்த சாந்தால் கட்டப்பட்டது. சென்னை மாகாணம் தன் காவிரிப் பாசனத்துக்காக மறுப்பு எழுப்பியதால், 1924இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இங்கு அணை கட்டத் திப்பு சுல்தான் முனைந்ததைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு ஒன்று உண்டு. எனினும் இன்று நிற்கும் அணை விஸ்வேஸ்வரய்யாவின் படைப்பே. நீர்மட்டம் ஏறினால் தாமே திறந்து, இறங்கினால் தாமே மூடும் மதகுகளை 1903இல் புனே அருகே கடக்வாஸ்லாவில் அமைத்தவரும் அவரே. 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார்.

கையால் சுழற்றும் மின்னாக்கி, தொட்டு இயக்கிப் பார்க்கும் அருங்காட்சியகங்களின் உயிர்நாடி. மின்சுற்று திறந்திருக்கையில் கைப்பிடி இலேசாகச் சுற்றும். சுற்றை மூடி விளக்கு எரியத் தொடங்கியதும் கைப்பிடி கனத்துவிடும். இரண்டாவது விளக்கை இணைத்தால் தோள் வலிக்கும். கம்பிச்சுருளில் ஓடத் தொடங்கும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது என்னும் லென்சு விதியைப் பத்து வயதுக் குழந்தையும் உள்ளங்கையால் அறிந்துகொள்கிறது. கைப்பிடியைச் சுற்றும் கை செய்யும் இதே வேலையைத்தான் சிவசமுத்திரத்தில் காவிரி நீர் செய்கிறது. கரும்பலகையில் எழுதிய சூத்திரம் இந்தக் கனத்தை ஒருபோதும் உணர்த்தாது.

கல்கத்தாவில் 1959இல் தொடங்கிய பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் பெங்களூரு அருங்காட்சியகத்துக்கு மூத்தது. தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு உலகப் புகழ்பெற்ற சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் 1969இல்தான் திறக்கப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது. தொடக்கத்தில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவின்கீழ் இருந்த பெங்களூரு, கல்கத்தா அருங்காட்சியகங்கள் 1978இல் அமைந்த தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்தன. காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் கண்காட்சி இந்நிறுவனங்களின் தலைசிறந்த பணி.

பெங்களூரு அருங்காட்சியகத்தில் எந்திரங்கள், விண்வெளி, மின்னணுவியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குத் தனிக் கூடங்களும், ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரியும் தற்போது உள்ளன.