ரெண்டு வருசம் சேர்ந்திருக்க வேணும்

கனடா மாப்பிள்ளை ஸ்பொன்சர் பண்ணினால் எல்லாம் சரி எண்டுதான் எங்கட ஊர்களில் கதைப்பம். ஆனால் 2012 ஒக்டோபரில் கனடா ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. உறவுக்கு வயது இரண்டு வருடமோ அதற்குக் குறைவோ, பிள்ளையும் இல்லையெண்டால், போனவர் ஸ்பொன்சர் செய்தவரோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும். பிரிந்தால் நிரந்தர வதிவிடமே பறிபோகலாம். போலித் திருமணங்களைத் தடுக்கவாம்!

வன்முறைக்கு விதிவிலக்கு இருந்தது, உண்மைதான். ஆனால் நிரூபிக்க வேண்டியது அடிவாங்கியவர். பாஷையும் சொந்தமும் இல்லாத ஊரில், புருஷனின் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவள் எந்தக் காகிதத்தைத் தேடுவாள்? மாப்பிள்ளையின் கையில் அரசாங்கமே ஒரு சாவியைக் கொடுத்தது என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம்.

பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. 2017 ஏப்ரலில் நிபந்தனை நீங்கியது. ஏற்கெனவே அதற்குள் இருந்தவர்களும் விடுபட்டார்கள்.