அமெரிக்கச் சந்தையில் உள்நாட்டு, ஜப்பானியக் கார் நிறுவனங்களின் போட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் அமெரிக்கக் கார் சந்தையை ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஆண்டன. டெட்ராய்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தலைமையிடமாகக் கொண்ட இவை ‘பெரிய மூன்று’ என்று அழைக்கப்பட்டன. 1950களின் நடுவில் அந்நாட்டில் விற்பனையான கார்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இவற்றின் தயாரிப்புகள். அப்பா செவர்லே ஓட்டினால் மகனும் செவர்லே வாங்குவது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்தப் பற்று தளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் 2009-இல் திவால் நீதிமன்றத்துக்குச் சென்றன. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிய நிறுவனங்களுடன் நடந்த போட்டி, வாடிக்கையாளரின் விசுவாசம் எதனால் உருவாகிறது, எதனால் அழிகிறது என்பதைக் காட்டும் முக்கியமான தொழில் வரலாறாகும்.

தோல்வியில் தொடங்கிய வருகை

டொயோட்டா 1957-இல் கலிபோர்னியாவில் தன் விற்பனை நிறுவனத்தை அமைத்தது. முதலில் கொண்டுவந்த டொயோபெட் கிரௌன் கார் ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்காக உருவாக்கப்பட்டது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்துக்கு அதன் எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் விற்பனை நின்றது. அமெரிக்க ஓட்டுநரின் தேவைகளைக் கவனித்து வடிவமைக்கப்பட்ட கொரோனா கார் 1965-இல் வந்த பிறகுதான் நிறுவனம் அங்கு காலூன்றியது.

அதே காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குள் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் தொழில் தலைவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு குறித்து விரிவுரைகள் நிகழ்த்தினார். மறு ஆண்டே அவர் பெயரில் அங்கு ஒரு பரிசு நிறுவப்பட்டது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ, தேவையான பாகம் தேவையான நேரத்தில் மட்டும் வந்துசேரும் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்தார். பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் எச்சரிக்கை கொடுத்து, தேவையானால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அம்முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. செய்த பிறகு சோதித்துப் பிழை நீக்குவதைவிட, பிழை அடுத்த நிலைக்குப் போகாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

டெட்ராய்ட்டின் சறுக்கல்

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் உள்ளிட்ட வெளிநாட்டுச் சிறு கார்களுக்குப் பதிலாக ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே வேகாவையும், ஃபோர்டு பின்டோவையும் 1970-இல் வெளியிட்டன. இரண்டும் எதிர்பார்த்த நற்பெயரைத் தரவில்லை. வேகாவின் அலுமினிய எஞ்சின் அதிக வெப்பத்தால் பழுதடைந்தது. உடற்பகுதி விரைவில் துருப்பிடித்தது. பின்டோவின் எரிபொருள் தொட்டி பின்புற மோதலில் தீப்பற்றக்கூடும் என்ற குற்றச்சாட்டால் 1978-இல் சுமார் 15 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

வேகா தயாரான லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் மணிக்கு 100 கார்கள் வரை ஓடிய வரிசையின் வேகத்தை எதிர்த்து 1972-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எண்ணிக்கையை முதலிலும் பிழைத்திருத்தத்தைக் கடைசியிலும் வைத்த முறைக்கு அது ஓர் எச்சரிக்கை.

1973-இலும் 1979-இலும் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிகள், குறைந்த எரிபொருளில் ஓடும் சிறு கார்களை நோக்கி மக்களைத் திருப்பின. ஆனால் எண்ணெய் விலை பின்னர் குறைந்தபோதும் வாடிக்கையாளர்களில் பலர் பழைய நிறுவனங்களுக்குத் திரும்பவில்லை. சிக்கனத்துக்காக ஜப்பானியக் காரை வாங்கியவர்கள், அது அடிக்கடி பழுதாகவில்லை என்பதற்காக அடுத்த முறையும் அதையே வாங்கினர். 1980-இல் அமெரிக்கக் கார் சந்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய நிறுவனங்களிடம் இருந்தது. அந்த ஆண்டு கிறைஸ்லர் அரசின் கடன் உத்தரவாதத்தால்தான் உயிர்பிழைத்திருந்தது.

கோபமும் கட்டுப்பாடும்

ஆலைகள் மூடப்பட்டபோது டெட்ராய்ட் பகுதியில் வேலையிழந்தவர்களின் துயரம் உண்மையானது. அது கோபமாகத் திரும்பியது. வாகனத் தொழிலாளர் சங்கக் கட்டடங்களின் வாகன நிறுத்துமிடங்களில் வெளிநாட்டுக் கார்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பொது இடங்களில் ஜப்பானியக் கார்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1982 ஜூன் மாதம் வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன அமெரிக்க இளைஞர் டெட்ராய்ட் பகுதியில் கார் தொழிலோடு தொடர்புடைய இருவரால் அடித்துக் கொல்லப்பட்டார். தங்கள் வேலையிழப்புக்கு அவரைப் போன்றவர்களே காரணம் என்று தாக்கியவர்களில் ஒருவர் கத்தியதாகச் சாட்சியம் அளிக்கப்பட்டது. கொன்றவர்களுக்குச் சிறைத்தண்டனை இன்றி, நன்னடத்தைக் கண்காணிப்பும் தலா 3,000 டாலர் அபராதமும் மட்டுமே விதிக்கப்பட்டன. இத்தீர்ப்பு ஆசிய அமெரிக்கர்களின் உரிமை இயக்கத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

அரசியல் அழுத்தத்தால் ஜப்பான் 1981-இல் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சமாகத் தானே வரம்பிட ஒப்புக்கொண்டது. இந்த ஏற்பாடு எதிர்பாராத இரு விளைவுகளைத் தந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால் ஜப்பானிய நிறுவனங்கள் விலையும் வசதியும் கூடிய கார்களை அனுப்பின. அதோடு அமெரிக்க மண்ணிலேயே ஆலைகளை அமைத்தன. ஹோண்டா 1982-இல் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லிலும், நிசான் 1983-இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவிலும், டொயோட்டா 1988-இல் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனிலும் உற்பத்தியைத் தொடங்கின.

ஃபிரிமான்ட் சோதனை

தரக்குறைவுக்குத் தொழிலாளர்களின் அலட்சியமே காரணம் என்ற வாதத்தைக் கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலை சோதித்துக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸின் மிக மோசமான ஆலைகளுள் ஒன்றாகக் கருதப்பட்ட அது 1982-இல் மூடப்பட்டது. சில நாள்களில் ஐந்தில் ஒருவர் வரை வேலைக்கு வராத ஆலை அது. 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதை மீண்டும் திறந்தன. பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் வேலைக்கு எடுக்கப்பட்டனர், சங்கமும் தொடர்ந்தது. பலர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். வரிசையை நிறுத்தும் கயிறு அவர்கள் கையிலும் தரப்பட்டது. குறுகிய காலத்தில் அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கியது. வேலைக்கு வராதோர் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. ஆட்கள் மாறவில்லை, நிர்வாக முறை மாறியிருந்தது.

அதே ஆலை இன்னொரு பாடத்தையும் தந்தது. ஏறக்குறைய ஒரே மாதிரியான கார்கள் ஜியோ பிரிஸம் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் பெயரிலும், டொயோட்டா கொரோலா என்ற பெயரிலும் அங்கு தயாராயின. கொரோலாவை வாங்க மக்கள் கூடுதல் விலை கொடுத்தனர்; பழைய காராக விற்கும்போதும் அதற்கே மதிப்பு அதிகம் இருந்தது. தரம் சமமான பிறகும் பெயர் சமமாகவில்லை. பல ஆண்டு அனுபவத்தில் இழந்த நம்பிக்கையை ஒரு நல்ல காரால் மட்டும் மீட்க முடியவில்லை.

மங்கிய எல்லைகள்

ஃபோர்டு டெமிங்கை ஆலோசகராக அமர்த்திக்கொண்டு 1980களில் தரத்தை உயர்த்தியது. அதன் டாரஸ் கார் 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற காராக விளங்கியது. 1997-இல் அந்த இடத்தை டொயோட்டா கேம்ரி பிடித்தது. கேம்ரி கென்டக்கியில் அமெரிக்கத் தொழிலாளர்களால் செய்யப்பட்டது. ஃபோர்டின் ஃபியூஷன் 2005 முதல் மெக்சிகோவில் தயாரானது. எது உள்நாட்டுக் கார் என்ற கேள்விக்கே எளிய விடை இல்லாமல் போனது.

நற்பெயர் எந்த நிறுவனத்துக்கும் நிரந்தர உடைமையாக இருக்கவில்லை. 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா பல லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் அதன் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஆட்களைப் பயிற்றுவிக்கும் வேகத்தை நிறுவன வளர்ச்சியின் வேகம் மிஞ்சிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார். 1931 முதல் அமெரிக்க விற்பனையில் முதலிடம் வகித்த ஜெனரல் மோட்டார்ஸை 2021-இல் டொயோட்டா முந்தியது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் அந்த இடத்தை மீட்டது.

நாட்டுப்பற்றை முன்வைத்த வேண்டுகோள்களும் இறக்குமதி வரம்புகளும் டெட்ராய்ட்டுக்குச் சிறிது கால அவகாசம் தந்தன. ஆனால் ஒவ்வொரு காலைப்பொழுதும் காரைக் கிளப்பிப் பார்ப்பவரின் அனுபவத்தை அவற்றால் மாற்ற முடியவில்லை. வாடிக்கையாளரின் விசுவாசத்தை அந்த அனுபவமே முடிவு செய்தது.