எலைசா அக்னியு அம்மையாரின் வமிசம்

யாழ்ப்பாணத்தில் ஒருவரை முதன்முதலாகக் கண்டால் ஊரைக் கேட்போம். ஊர் தெரிந்ததும் "நீர் ஆற்றை மகள்?" என்போம். தகப்பன் பெயர், பேரன் பெயர், சீதனக் காணி இருந்த இடம் எல்லாம் சொல்லி முடித்த பின்புதான் பேச்சுத் தொடங்கும். எமது கல்லூரியின் பேரன்னையரில் ஒருவரான எலைசா அக்னியு அம்மையாரிடம் இக்கேள்வியின் மறுபாதியை, அதாவது "உமது பிள்ளைகள் யார்?" என்பதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவர் மணம் முடிக்கவில்லை, பிள்ளை பெறவுமில்லை. ஆனால் அவருக்கு ஒரு வமிசம் உண்டு. அதை எழுதுவது எமது கடன்.

அம்மையார் 1807இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். பிரெஸ்பிற்றேரியன் சபையைச் சேர்ந்தவர். எட்டு வயதில், பூகோளப் பாடத்தின்போது, வளர்ந்தபின் அயல்தேசத்துக்கு ஊழியத்துக்குப் போவதென்று உறுதி கொண்டார் என்பர். ஆயினும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர்கள் காலமாகும்வரை பொறுத்திருந்தார். 1839இல் பொஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறியபோது அவருக்கு வயது 32. 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரை அனுப்பிய அமெரிக்கன் மிஷன் அக்காலத்தில் கொங்கிறிகேஷனல், பிரெஸ்பிற்றேரியன் ஆகிய இரு சபையாருக்கும் பொதுவாயிருந்தது. மணமாகாத பெண்களைத் தனியே இங்கு அனுப்புவது அப்போது புதுமை.

அவர் வந்தபோது உடுவில் பள்ளிக்கு வயது பதினாறு. 1824இல் அதனை ஆரம்பித்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவில் மண்ணில் அடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வின்ஸ்லோ அம்மையாரின் குடும்பக் கதையை இங்கு சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. அவருடைய மூத்த மகன் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1832இல் பதினொரு வயதில் அங்கேயே இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில், 36 வயதில், தாயும் இறந்தார். கணவர் மைரன் வின்ஸ்லோ பின்னர் சென்னைக்குச் சென்றார். 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்களின் மகள், தாயின் பெயரையே கொண்டவர், ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிஷனரியை மணந்தார். அந்த வழியில் வந்தவர்களே அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்டர் டலசும், அவருடைய தம்பி, சி.ஐ.ஏ. தலைவராயிருந்த அலன் டலசும். உடுவிலில் அடங்கியிருக்கும் பெண்ணின் கொள்ளுப்பேரர்கள் அவர்கள். இவ்வமிசத்தை நூல்களில் தலைமுறை தலைமுறையாக எவரும் படித்தறியலாம்.

அக்னியு அம்மையாரின் வமிசம் அவ்வாறு எங்கும் எழுதப்படவில்லை. 1840 முதல் 1879 வரை பள்ளியே அவர் வீடு. ஓய்வுக்காக ஒரு முறையேனும் தாயகம் திரும்பாதவர் அவர். தாம் கற்பித்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும், சிலரின் பேரப்பிள்ளைகளுக்குங்கூட அவரே கற்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தனர். "ஆயிரம் புதல்வியரின் தாய்" என்ற பெயர் அப்படி வந்தது. அப்பெண்களில் பலர் வட்டுக்கோட்டை செமினரியில் கற்றவர்களை மணந்தனர். ஆசிரியைகளாகவும், போதகர், வைத்தியர், தலைமை ஆசிரியர் ஆகியோரின் மனைவியராகவும் ஊர் ஊராகப் பரந்தனர். எழுத்தறிந்த தாய் இருந்த வீட்டில் மகளைப் படிக்க விடுவதா என்ற வழக்கு எழவில்லை. ஓய்வுபெற்ற அம்மையார் மானிப்பாயில் தங்கி, 1883 யூன் மாதம் அங்கேயே காலமானார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்தவர், இம்மண்ணிலேயே அடங்கினார்.

அந்த ஆயிரம் பேர் யார் யார்? இங்குதான் ஒரு சிக்கல். தொடக்க காலத்தில் விடுதியிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவைப் பொறுத்த அமெரிக்க உபகாரிகள் தெரிந்த பெயர்களே சூட்டப்பட்டன. ஆண்களுக்கும் இப்படித்தான் நடந்தது. ஆயினும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்றோர் நூல் எழுதியபடியால் இரு பெயரும் நிலைத்தன. எமது பூட்டிமார் நூல் எழுதவில்லை. பதிவிலே அந்நியப் பெயர்; ஊரிலே "பிள்ளை", "ஆச்சி", "இன்னாற்றை பெண்சாதி". தாய் தகப்பன் ஆசையோடு இட்ட பெயர் எத்தனையோ வீடுகளில் மறைந்துவிட்டது. அக்னியு அம்மையாருடைய பற்றில் எமக்கு ஐயமில்லை. எனினும் மிஷன் அன்று கைக்கொண்ட வழக்கத்தால் நாம் இழந்ததையும் சொல்லாமல் விடுவது வரலாறாகாது.

பின்னர் போரும் இடப்பெயர்வும் வந்தன. பைபிளின் முதற்பக்கத்தில் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்புகள், கலியாணப் படங்கள், பழைய சான்றிதழ்கள் வீடுகளோடு அழிந்தன. இன்று எமது பழைய மாணவியர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். தாய்வழியில் ஐந்து தலைமுறை சொல்லக்கூடிய அம்மம்மாமார் சிலரே எஞ்சியுள்ளனர்.

ஆகவே இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவியர் அனைவரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் தாய்வழியில் உடுவிலிற் படித்த பெண்கள் எத்தனை பேர் என்று வீட்டு முதியவர்களிடம் இவ்வாண்டே கேட்டு எழுதுங்கள். பள்ளியில் வழங்கிய பெயர், வீட்டில் வழங்கிய பெயர், ஊர், தாயின் பெயர் என்ற நான்கும் போதும். ஒரு பெயர் மட்டுமே தெரிந்தாலும் அனுப்புங்கள். சங்கம் அவற்றை ஓர் ஏட்டிற் சேர்த்து வைக்கும். பிள்ளையில்லாதவர் என்று எழுதப்பட்ட ஒரு பெண்ணின் குடும்பம் எவ்வளவு பெரிது என்பதை அந்த ஏடு சொல்லட்டும்.