இது நானே இல்லை

இறுதியாண்டு மாணவிகளின் குழுப்படம் வந்த நாளில் வகுப்பே சலசலக்கிறது. “ஐயோ மேம், இது நானே இல்லை” என்கிறாள் ஒருத்தி. பக்கத்திலிருப்பவளோ, “நீ இப்படித்தான்டி இருக்கே” என்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை.

1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகுவேரின் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் நேரடியாகப் பதிந்தது. பெரும்பாலும் அது இடவலம் மாறியே இருந்தது. இடக்கை மணமோதிரம் வலக்கைக்குப் போனது. முகமோ அவள் அன்றாடம் கண்ணாடியில் பார்த்த அதே முகம். 1850களில் நெகடிவிலிருந்து தாளில் அச்சிடுவது பரவியபோது, பிறர் பார்க்கும் முகம் அவள் கைக்கு வந்தது. எந்த முகமும் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வகிடும் மச்சமும் சிரிப்பின் சாய்வும் பக்கம் மாறினால் நம் முகமே நமக்கு அந்நியமாகிவிடுகிறது.

1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மாணவிகளுக்கு அவரவர் படத்தை நேராகவும், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியும் காட்டினர். மாணவிகள் திருப்பிய படத்தையே அதிகம் விரும்பினர். அவர்களுடைய தோழிகள் நேர்ப்படத்தை விரும்பினர். அடிக்கடி கண்டது பிடித்துப்போகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸையன்ட்ஸ் 1968இல் சொன்னதோடு இது பொருந்தியது.

ஆக, முகத்தில் குறையில்லை. கண்ணின் பழக்கம்தான் வேறு. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பும் சமூகத்தில், படம் பிடிக்காத பெண் தன்னையே குறைசொல்லக் கற்கிறாள். படத்தை அழிக்கச் சொல்லும்முன் பக்கத்திலிருப்பவளைக் கேளுங்கள். அவள் பார்த்துப் பழகி நேசித்தது அந்த முகத்தைத்தான்.