சாண்டா ஒருத்தர் இல்லை: நாட்டுக்கு நாடு மாறும் பரிசுத் தாத்தாக்களும் அவர்களைச் சுற்றிய அரசியலும்

டிசம்பர் வந்தாச்சு. ஆபீஸில் சீக்ரெட் சாண்டாவுக்குச் சீட்டு குலுக்கிப் போட்டிருப்பார்கள். 500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம் என்று நீங்களும் ஆன்லைனில் தேடிக்கொண்டிருப்பீர்கள். சிவப்பு கோட்டு, வெள்ளைத் தாடி, தொந்தி, கலைமான் பூட்டிய வண்டி. சாண்டா என்றதும் நம் எல்லாருக்கும் இந்தப் படம்தான் வரும்.

ஆனால், குளிர்காலத்தில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவது இவர் மட்டும்தானா? இல்லவே இல்லை. இத்தாலியில் துடைப்பத்தில் பறந்து வரும் ஒரு கிழவி. ஸ்பெயினில் ஒட்டகத்தில் வரும் மூன்று ராஜாக்கள். ஐஸ்லாந்தில் மலையிலிருந்து இறங்கிவரும் 13 சகோதரர்கள். இவர்களில் பலரை ஏதோ ஒரு காலத்தில் அரசோ மதத் தலைவர்களோ மாற்றியிருக்கிறார்கள், சிலரை விரட்டியும் இருக்கிறார்கள். அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

யார், எங்கே, எப்போது வருகிறார்கள்?

• டிசம்பர் 5, 6: நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சிண்டர்கிளாஸ். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் புனித நிக்கோலாஸ்.
• டிசம்பர் 12 முதல் 24 வரை: ஐஸ்லாந்தின் 13 'யோலாஸ்வெய்னர்' சகோதரர்கள், ஒரு நாளைக்கு ஒருவர்.
• டிசம்பர் 24 மாலை: ஆஸ்திரியா, தென் ஜெர்மனியில் 'கிறிஸ்ட்கிண்ட்' எனும் குழந்தை இயேசு. பின்லாந்தில் யோலுபுக்கி.
• டிசம்பர் 24 இரவு: அமெரிக்காவில் சாண்டா கிளாஸ், பிரிட்டனில் ஃபாதர் கிறிஸ்துமஸ், பிரான்ஸில் பேர் நோயல்.
• டிசம்பர் 31 இரவு: ரஷ்யாவில் தேத் மரோஸ்.
• ஜனவரி 1: கிரீஸில் புனித வாசிலிஸ்.
• ஜனவரி 5 இரவு: ஸ்பெயினில் மூன்று ராஜாக்கள், இத்தாலியில் பெஃபானா.

அதாவது, நெதர்லாந்துக் குழந்தை பரிசைப் பிரித்து சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் ஸ்பெயின் குழந்தை ஷூவை வெளியே எடுத்து வைக்கிறது.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது?

இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை நமக்கு நன்றாகவே புரியும். மூன்று பெண்களைப் பெற்ற ஏழை அப்பா, வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் தவிக்கிறார். நிக்கோலாஸ் யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் அந்த வீட்டுக்குள் தங்க முடிப்பைப் போட்டுவிட்டுப் போகிறார். கொடுத்தவர் யார் என்று தெரியக் கூடாது என்பதுதான் கதையின் மையம். சீக்ரெட் சாண்டாவின் விதியும் அதேதான்.

1087இல் இத்தாலிய மாலுமிகள் அவருடைய எலும்புகளை பாரி நகருக்கு எடுத்துச் சென்றார்கள். மேற்கு ஐரோப்பாவில் அவர் புகழ் இன்னும் பரவியது. அவருடைய திருநாளான டிசம்பர் 6, பரிசு நாளானது.

பிறகு ஏன் 24ஆம் தேதிக்கு மாறியது?

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் புனிதர் வழிபாட்டை எதிர்த்தது. நிக்கோலாஸ் பரிசு கொடுத்தால் குழந்தைகள் புனிதரைத்தானே கும்பிடுவார்கள்? அதனால், பரிசு தருவது குழந்தை இயேசுவே என்றார்கள். நாளும் கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இன்று கிறிஸ்ட்கிண்டை விடாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். சீர்திருத்த சபையினர் அதிகமுள்ள வட ஜெர்மனியிலோ தாடி வைத்த 'வைநாக்ட்ஸ்மான்'தான் வருகிறார்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களோடு போன 'கிறிஸ்ட்கிண்டல்' என்ற பெயர், அங்கே 'கிரிஸ் கிரிங்கிள்' ஆகி, கடைசியில் சாண்டாவுக்கே இன்னொரு பெயராகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் சீக்ரெட் சாண்டா விளையாட்டுக்கே பலர் சொல்லும் பெயர் அதுதான்.

நியூரம்பர்க் நகரின் கிறிஸ்துமஸ் சந்தையை ஒவ்வோர் ஆண்டும் தங்கநிறச் சுருள்முடியோடு கிறிஸ்ட்கிண்ட் வேடமிட்ட ஓர் இளம்பெண் தொடங்கிவைப்பார். 2019இல் அதற்குத் தேர்வானவர், இந்தியாவில் பிறந்த அப்பாவுக்கும் ஜெர்மானிய அம்மாவுக்கும் பிறந்த 17 வயது பெண். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் உள்ளூர்க் கிளை ஒன்று அவரைக் குறிவைத்து ஃபேஸ்புக்கில் இனவெறிப் பதிவு போட்டது. கண்டனம் கிளம்பியதும் நீக்கியது. நகரம் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நின்றது.

சிவப்பு கோட்டு கொடுத்தது கோகோ கோலாவா?

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வருஷமும் சுற்றும் தகவல் இது. பாதிதான் உண்மை. சாண்டாவுக்கு எட்டு கலைமான்களும் புகைபோக்கி வழியும் வந்தது 1823இல் நியூயார்க் மாகாணப் பத்திரிகை ஒன்றில் வெளியான கவிதையால். உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட். 1863இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடுகளும் போட்ட உடையில் வடக்குப் படையினருக்குப் பரிசு கொடுக்கும் சாண்டாவை அவர் வரைந்தார். அப்பட்டமான போர்ப் பிரசாரம் அது.

கோகோ கோலாவுக்காக ஹாடன் சன்ட்ப்ளோம் வரைய ஆரம்பித்தது 1931இல். அதற்கு முன்பே சிவப்பு உடை சாண்டா இருந்தார். அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் என்ன பிரச்சினை?

சிண்டர்கிளாஸ் நவம்பர் நடுவில் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்குவதாக ஐதீகம். டிவியில் நேரலை உண்டு. கூடவே வரும் உதவியாளர் 'ஸ்வார்ட்டெ பீட்', அதாவது கறுப்பு பீட். வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புச் சாயம், உதட்டில் சிவப்பு, தலையில் சுருள்முடி விக் வைத்து இந்த வேடம் போடுவார்கள்.

இந்தக் கறுப்பு வேலைக்காரர் பிரபலமானது, யான் ஷென்க்மன் என்ற ஆசிரியர் 1850இல் வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தால். தன் காலனியான சுரினாமில் நெதர்லாந்து அடிமைமுறையை ஒழித்தது 1863இல். அதாவது, புத்தகம் வந்தபோது அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

'புகைபோக்கிக் கரிதானே, இதில் என்ன நிறவெறி?' என்று பலர் கேட்டார்கள். 'கரி பட்டால் முடி எப்படிச் சுருளும்?' என்று எதிர்ப்பவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 2015இல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு இந்த வேடத்தை மாற்றச் சொன்னது. பல ஆண்டுகள் அதை ஆதரித்துப் பேசிய பிரதமர் மார்க் ருட்டே, 2020 ஜூனில் தன் பார்வை மாறிவிட்டதாக நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இப்போது பெரிய ஊர்வலங்களில் கன்னத்தில் லேசாகக் கரி தடவிய பீட்கள்தான் வருகிறார்கள்.

ரஷ்யாவில் ஏன் புத்தாண்டுக்கு?

தேத் மரோஸ் என்றால் 'பனித் தாத்தா'. பேத்தி ஸ்னெகூரச்காவோடு வருவார். 1920களின் இறுதியில் சோவியத் அரசு கிறிஸ்துமஸ் மரத்தையும் கொண்டாட்டத்தையும் மதச் சடங்கு என்று ஒதுக்கியது. 1935 டிசம்பர் 28 அன்று, பாவெல் பஸ்திஷெவ் என்ற கட்சித் தலைவர் பிராவ்தா பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார்: குழந்தைகளுக்கு மரத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் புத்தாண்டு மரமாக. அப்படித்தான் தாத்தா மதம் இல்லாமல் திரும்பி வந்தார். கடிதம் எழுதிய பஸ்திஷெவ், ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1939இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

உக்ரைன் போருக்குப் பிறகு இன்னொரு திருப்பம். 2023இல் உக்ரைன் அரசு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது. ரஷ்யத் தாத்தாவை ஒதுக்கிவிட்டுப் புனித நிக்கோலாஸைக் கொண்டாடும் போக்கும் அங்கே வலுத்திருக்கிறது.

சேட்டை பண்ணினால் என்ன கிடைக்கும்?

ஆஸ்திரியாவில் நிக்கோலாஸோடு கொம்பும் சங்கிலியுமாக கிராம்புஸ் என்ற பூதம் வரும். இத்தாலியின் பெஃபானா கரி வைப்பாள். இப்போது கடைகளில் கறுப்புச் சர்க்கரைக் கட்டியாகவே அது கிடைக்கிறது. ஐஸ்லாந்தில் ஜன்னலில் வைத்த ஷூவில் பரிசுக்குப் பதில் உருளைக்கிழங்கு.

ஐஸ்லாந்தின் 13 சகோதரர்கள் முதலில் நல்லவர்களே இல்லை. அவர்களின் அம்மா க்ரீலா, குழந்தைகளைத் தின்னும் ராட்சசி. பேயைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவதைத் தடுக்க 1746இல் அரசாணையே வந்தது. காலப்போக்கில் சகோதரர்கள் கரண்டி நக்குபவர், கதவைச் சாத்துபவர், தொத்திறைச்சி திருடுபவர் என்று வேடிக்கையான ஆட்களாக மாறினார்கள். பின்லாந்தின் 'யோலுபுக்கி'க்கும் சொல்லுக்குச் சொல் பொருள் 'கிறிஸ்துமஸ் ஆடு'. ஆட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்த வேடக்காரர்களின் மிச்சம் அந்தப் பெயர்.

நம் ஊரில்?

தமிழில் நாம் அவருக்கு வைத்த பெயரில் புனிதரும் இல்லை, ராஜாவும் இல்லை. உறவுமுறைதான்: 'கிறிஸ்துமஸ் தாத்தா'. டிசம்பர் ராத்திரியில் கேரல் பாடுபவர்களோடு முகமூடி போட்டு ஆடிக்கொண்டு, மிட்டாய் கொடுத்தபடி தெருவில் வருவார். எந்த மதத்துப் பிள்ளையானாலும் கையை நீட்டும்.

அதே இந்தியாவில், 2021 டிசம்பரில் ஆக்ராவில் இந்துத்துவ அமைப்பினர் சாண்டா உருவபொம்மைகளைக் கொளுத்தினார்கள். மதமாற்றத்துக்கான கருவி என்பது அவர்கள் குற்றச்சாட்டு. லூதர் ஆதரவாளர்களுக்கு அவர் கத்தோலிக்கச் சின்னம், சோவியத்துக்கு மதச் சின்னம், ஆக்ராவில் அந்நியச் சின்னம். விரட்ட நினைத்தவர்கள் எல்லாரும் சொன்ன காரணம் வேறு வேறு. குழந்தைகளோ எல்லா ஊரிலும் ஷூவை வைத்துவிட்டு விடியக் காத்திருந்தார்கள். விரட்டிய இடங்களிலும் வேறொரு பெயரில், வேறொரு தேதியில் யாரோ ஒருவர் வந்து அதை நிரப்பத்தான் செய்தார்.