எட்டு நாள் நின்ற பெட்டி

எங்கள் புங்குடுதீவுக்கு ஒருநாளும் புகையிரதம் வந்ததில்லை. நாற்புறமும் கடல். வாணர் பாலத்தால் வேலணைப் பக்கமிருந்து பஸ்ஸும் லொறியும் வந்ததே எங்கள் பெரியவர்களுக்குப் பெரிய காரியம். ஆனாலும் நேயர்களே, என் சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதிகம் அடிபட்ட பேச்சு புகையிரதத்தைப் பற்றியதுதான். ஊரார் பலரைப்போல என் அம்மானும் தென்னிலங்கையில், கண்டிப் பக்கமாக, கடை வைத்திருந்தார். சுருட்டு, புகையிலை, பனங்கட்டி எல்லாம் யாழ்ப்பாண ஸ்டேசனில் பதிந்து சாமான் வண்டியில் அனுப்பப்படும். தீவிலிருந்து ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அரைநாள் வேலை.

1963 என்று நினைவு. நாங்கள் அனுப்பிய சுருட்டுப் பெட்டியொன்று போய்ச் சேரவில்லை. மெயில் வண்டியில் ஓர் இரவில் கொழும்புக்குப் போய்விடலாம். பெட்டி போக எட்டு நாள். மழைக்காலம் வேறு. பாதிச் சுருட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று அம்மான் தபாலட்டை போட்டார். பெட்டி ஏற்றிய வாகன் வழியில் ஏதோ ஒரு சந்தியில், வேறு வாகன்கள் வந்து சேரும்வரை காத்து நின்றதாம். நான் புகையிரதத்தைத் திட்டினேன். ஐயா வத்தை ஓட்டிய மனிதர், பாரமேற்றத் தெரிந்தவர். "அது மெதுவாய் ஓடினதாலை பிந்தேல்லையடா தம்பி, நிண்டதாலைதான் பிந்தினது" என்றார்.

அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் விளங்க எனக்கு ஐம்பது வருடம் போல ஆயிற்று. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

இலங்கையில் புகையிரதம் பிறந்ததே பாரம் சுமக்கத்தான். பிரயாணிகள் பிற்பாடு ஏறிக்கொண்டவர்கள். மலைநாட்டுக் கோப்பியை மாட்டு வண்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. கண்டி வீதியில் வண்டிகள் நாட்கணக்கில் ஊர்ந்தன. தோட்டத்துரைமார் நெருக்க, ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1858-இல் முதல் மண்ணை வெட்டினார். 1865-இல் அம்பேபுஸ்ஸவரை பாதை திறந்தது; 1867-இல் கண்டியைத் தொட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி உயர்வு. அதில் பாரவண்டியை ஏற்ற, ரம்புக்கனையில் இன்னொரு எஞ்சினைப் பின்னால் பூட்டித் தள்ளினார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, பெட்டிகளின் கொளுக்கிகளில் விழும் இழுவை பாதியாய்க் குறைந்தது. இந்தச் சின்னத் தந்திரத்தை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பாதை கண்டிக்குப் போன அதே 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை நட்டார். இரண்டே வருடத்தில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பிக்காக, கோப்பியின் வரிப்பணத்தில் போட்ட பாதை; அந்தக் கோப்பியே அழிந்துபோயிற்று. தேயிலைப் பெட்டி வந்து கோப்பி மூட்டையின் இடத்தை நிரப்பாதிருந்தால் அந்தத் தண்டவாளங்கள் என்னவாகியிருக்குமோ! பாதைக்குப் பாரம் வேண்டும். ஒரு பாரம் போனால் இன்னொன்று வரவேண்டும். எங்கள் வடபாதைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை 1902-இல் வண்டி ஓடியது. 1905-இல் பாதை தெற்கோடு இணைந்தது. நெடுங்காலம் அதில் போனவை எங்களைப் போன்றவர்களின் சில்லறைப் பொதிகள்: பத்துப் பேரின் பெட்டி ஒரு வாகனில், பத்து வாகன் பத்துத் திசைக்கு. ஒவ்வொரு சந்தியிலும் கழற்றிப் பூட்டவேண்டும். இப்படிப்பட்ட வாகன் தன் ஆயுளில் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம்.

1950-இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியபோதுதான் வடக்குக்கு உண்மையான பாரம் ஒன்று கிடைத்தது. ஒரே சரக்கு, ஒரே இடத்தில் ஏற்றம், நாடெங்கும் தேவை. சீமெந்து ஏற்றிய வாகன்கள் வரிசையாய்ப் போவதை யாழ்ப்பாண ஸ்டேசனில் நின்று எண்ணியிருக்கிறேன். சுன்னாகத்துப் பொடியன்களுக்கு அது தினக் காட்சி. தீவுப் பொடியனுக்குத் திருவிழா.

அவற்றை இழுத்த எஞ்சின்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் அவை. எம் 2 என்று பெயர். முதல் ஐந்துக்கும் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரையே சூட்டினார்கள். உள்ளே இருந்த இயந்திரம் புதுமையானதல்ல. ஒவ்வொரு சிலிண்டரும் 567 கன அங்குலம் கொண்ட அந்த இனம் 1938-இலிருந்தே வட அமெரிக்காவில் பாரவண்டி இழுத்துப் பழகியது. எங்கே உடையும், எதை எப்போது மாற்றவேண்டும் என்பதெல்லாம் அங்கே ஏற்கனவே தெரிந்துபோன சங்கதி. நமது பாதை மென்மையானதால் எஞ்சினின் எடையை நான்கு அச்சில் வைக்காமல் ஆறு அச்சில் பகிர்ந்து அனுப்பினார்கள். அவை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. பின்னால் வாங்கிய ஓர் இனத்துக்கு எஞ்சினையே மாற்றிப் பூட்டவேண்டி வந்தது. புதுமோகம் கடையிலே செல்லும்; தண்டவாளத்திலே செல்லாது.

2011 கோடையில் நோர்வேயின் வடகோடியிலுள்ள நார்விக்குக்குப் போனேன். அக்காவின் மகன் அங்கே குடியிருக்கிறான். தீவாருக்குக் கடலும் குளிரும் ஒன்றாய்க் கிடைத்த ஊர். மூன்றாம் நாள் காலை அவன் என்னை மலையோரம் கூட்டிப்போய் நிறுத்தினான். சுவீடனின் கிருனா சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிய வண்டி இறங்கி வந்தது. அறுபத்தெட்டுப் பெட்டிகள். மொத்த எடை எட்டாயிரம் தொன்னுக்கும் மேல். ஒவ்வோர் அச்சின்மேலும் முப்பது தொன். சத்தம் காதுக்கு வருமுன் காலடி மண்ணுக்கு வந்தது.

"மாமா, உது துறைமுகத்திலை கொட்டிப்போட்டு உடனை திரும்பிப் போயிடும். பெட்டியளைக் கழட்டிறதே இல்லை" என்றான் மருமகன்.

எனக்கு ஐயாவின் குரல் கேட்டது.

அந்தப் பாதை 1902-இல் முடிந்தது. எங்கள் காங்கேசன்துறைப் பாதைக்குச் சமவயது. மின்சாரம் சுவீடன் பக்கத்தில் 1915-இலும் நோர்வேப் பக்கத்தில் 1923-இலும் வந்தது. பாரத்தோடு சரிவில் இறங்கும் வண்டி தடைபோடும்போது அதன் மோட்டார்களே மின்சாரம் பிறப்பிக்கின்றன. வெறும் பெட்டிகள் மேலே ஏறிப்போக அதில் பெரும்பங்கு உதவுகிறது. பெட்டிகளைப் பிணைக்கும் கொளுக்கி, சோவியத் நாட்டில் 1930-களிலிருந்து உழைத்த இனம். தேசப் பெருமை பார்க்காமல் எடுத்துப் பூட்டிக்கொண்டார்கள். காற்றழுத்தத் தடையோ 1869-இல் வெஸ்டிங்ஹவுஸ் கண்டது. நமது நாட்டில் நெடுங்காலம் வெற்றிடத் தடையே இருந்தது. அதன் பலம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு நின்றுவிடும். நீண்ட வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரவும் நேரமெடுக்கும். ஆயிரக்கணக்கான தொன்னை அதை நம்பி இறக்க முடியாது.

பாதையின் அகலத்தில்தான் வலிமை என்று நான் நினைத்திருந்தேன். நமது பாதை ஐந்தரை அடி. உலகில் அகலமானவற்றுள் ஒன்று. தென்னாபிரிக்காவில் சிஷென் சுரங்கத்திலிருந்து சல்தான்ஹா துறைக்கு 861 கிலோமீற்றர் ஓடும் பாதை, 1976-இல் திறந்தது, மூன்றரை அடிதான். உலகின் மிகப் பாரமான வண்டிகளில் சில அதில்தான் ஓடுகின்றன. 2001 ஜூன் 21-இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் 682 பெட்டிகளை, ஏழு கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரே வண்டியாக ஓட்டினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் தொன். எட்டு எஞ்சின்கள், சாரதி ஒருவர். எஞ்சின்களை முன்னால் குவிக்காமல் வண்டியின் இடையிடையே வைத்து வானொலி அலையால் இயக்கினார்கள். கடுகண்ணாவையில் பின்னால் பூட்டிய எஞ்சின் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா?

இலங்கையில் இதற்குக் கிட்டிய உறவு என்றால் புத்தளம்தான். அருவாக்காட்டில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்த கல்வண்டி. ஒரே கல், ஒரே வழி, போவதும் வருவதும். அளவில் நார்விக்குக்குக் குழந்தைதான். ஆனால் அதே சாதி.

காங்கேசன்துறைக்கும் அப்படி ஒரு வளர்ச்சி வந்திருக்கலாம். 1990 ஜூனில் போர் மூண்டு யாழ்தேவி வருவது நின்றது. தொழிற்சாலையும் அந்த வருடமே மூடிக்கொண்டது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகிப் போயின. பாரம் சுமக்கச் செய்த இரும்பு, கடைசியில் மனிதரின் தலைக்குமேல் மண்ணைத்தான் சுமந்தது. எங்கள் சொந்தக்காரர் சிலர் அதன்கீழ் இருந்து உயிர் தப்பியவர்கள். ஆகையால் கழற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்திய நிறுவனமான இர்கொன் பாதையை மீளப் போட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. சனம் அழுதது. நானும் அழுதேன். காங்கேசன்துறையில் இறங்கி, மேடையின் ஓரம்வரை நடந்து சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் பார்த்தேன். புகைபோக்கியில் புகை இல்லை. வந்த வண்டியில் எல்லாம் மனிதரே.

திரும்பும்போது அக்கா பனங்கட்டியும் ஒடியலும் ஒரு பெட்டியில் கட்டித் தந்தாள். கொழும்புக்குப் போகும் லொறியொன்றில் அதைப் போட்டுவிட்டு நான் யாழ்தேவியில் ஏறினேன். வீடு போய்ச் சேர்ந்தபோது பெட்டி எனக்கு முன்னரே வந்து வாசலில் இருந்தது.